டாஷ்போர்டில் நாலு விரல் தள்ளி

ஒர்க்‌ஷாப்பில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கார்களுக்கு ஸ்பீக்கர், சீட் கவர், ஸ்டாண்டு பொருத்துவது அவன் வேலை. சட்டைக்குப் பித்தான் தைத்தாலும் ஸ்கேல் வைத்துத்தான் தைப்பான். பதினெட்டு வருஷத்தில் தப்பான இடத்தில் ஒரு துளைகூடப் போட்டதில்லை என்பதைக் கேட்டவர்களுக்கும் சொல்வான், கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

அவனுக்கு ஒரே தங்கை. பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. பேச்சு நன்றாக வரும். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். அதற்கு நேரம் கொடுத்தால்தானே? யார் என்ன கேட்டாலும் அண்ணன் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவான். எல்லாம் பாசம்தான்.

குடோனில் அஞ்சு வருஷமாக அட்டைப்பெட்டி மடித்துச் சலித்துப்போனவள், கார் ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கி, ஒரு டாக்ஸி கம்பெனியில் வேலை கேட்டாள். அவர்கள் ஒரு காரைக் கொடுத்து நிபந்தனையும் போட்டார்கள். வழி சொல்லும் கருவியின் குரல் அவளுக்குக் கேட்காது; ஆகவே திரை அவள் பார்வையிலேயே இருக்க வேண்டும். முன்கண்ணாடியில் ஒட்டக் கூடாது, சாலையை மறைக்கக் கூடாது. வியாழக்கிழமை அதிகாரி வந்து பார்த்துச் சரி என்றால் வேலை. இல்லையென்றால் மறுபடி அட்டைப்பெட்டிதான்.

"நீ கவலைப்படாத, அண்ணன் பாத்துக்கறேன். போய் டீ குடிச்சிட்டு வா" என்று புதன்கிழமை அவளை அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினான். அலுமினியப் பட்டையை வளைத்து, கறுப்பு ரெக்சின் ஒட்டி, ஸ்டியரிங்குக்கு நேர் பின்னால் டாஷ்போர்டில் துளை போட்டு முடுக்கினான். அவனே உட்கார்ந்தும் பார்த்தான். ஸ்டாண்டு துளியும் ஆடவில்லை.

தங்கை வந்தாள். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, அம்புக்குறி தெரியல."

ஸ்டியரிங் வளையம் திரையின் கீழ்ப்பாதியை மறைத்திருந்தது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற அம்பு அங்கேதான் வரும்.

"ஒரு தலகாணி போட்டு உக்காரேன்."

"போட்டா பெடலுக்கு யாரு கால் எட்டும்? நீயா வருவ?"

காரை அங்குலம் அங்குலமாக அளந்தவன், ஓட்டப்போகிறவளை உட்காரவைத்துப் பார்க்கவில்லை. அவளைவிட ஒரு சாண் உயரமான தன் கண்ணை நம்பித் துளை போட்டிருக்கிறான். துளையைவிட, அவளை டீ குடிக்க அனுப்பியதுதான் அவனை அதிகம் உறுத்தியது.

பென்சிலை அவளிடம் நீட்டினான். "எங்க வேணும்னு நீயே சொல்லு."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து, எதிர்ச்சுவரைச் சாலையாகப் பார்த்தபடி, தலையைத் திருப்பாமலே கையை நீட்டிக் குறி போட்டாள். நாலு விரல் நடுப்பக்கமாகத் தள்ளி, ரெண்டு விரல் கீழே. அங்கேயா என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுத் துளை போட்டான்.

"பழைய ஓட்டை வழியா வயரை விட்டுடு, வெளிய தொங்காது" என்றாள். அவனுக்கு அது தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை அதிகாரி வந்து ஸ்டாண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. ஓட்டும் சீட்டில் உட்கார்ந்திருந்தவளை விட்டுவிட்டு அண்ணனிடம் கேட்டார். "பின்னாடி ஆம்புலன்ஸ் வந்தா இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் அவன் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"அவகிட்டயே கேளுங்க சார். முகத்தைப் பாத்துக் கேட்டா போதும்."

அதிகாரி ஜன்னலில் குனிந்து கேட்டார்.

"கண்ணாடியில வெளக்கு தெரியும் சார். அதோட, மத்த வண்டியெல்லாம் ஒதுங்குமில்ல? நானும் ஒதுங்கிடுவேன்."

அவர் சிரித்துக்கொண்டே பக்கத்து சீட்டில் ஏறினார். மில்லிமீட்டரின் கை பழக்கதோஷத்தில் பின்கதவுக்குப் போனது.

"நீ இங்கயே இரு அண்ணா" என்றாள்.

அந்த அரைமணி நேரம் அவன் ஒரே ஸ்க்ரூவை ஏழு தடவை கழற்றி மாட்டினான். கார் திரும்பி வந்தது. "திங்கட்கிழமைலேர்ந்து..." என்று அவனிடம் ஆரம்பித்த அதிகாரி, சட்டென்று நிறுத்தி, அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "திங்கட்கிழமைலேர்ந்து வந்துடுங்கம்மா."

மில்லிமீட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போதெல்லாம் அவன் அந்தப் பதினெட்டு வருஷப் பெருமையைப் பேசுவதில்லை. யார் காரைக் கொண்டுவந்தாலும், ஸ்கேலை எடுப்பதற்கு முன், "முதல்ல நீங்க உக்காருங்க" என்கிறான்.