நானூற்று மூன்று அக்கா

கம்ப்யூட்டர் ஒருவரை உள்ளே விடாமல் கையை விரிக்கும்போது 403 என்று ஓர் எண்ணைக் காட்டும். அனுமதி இல்லை, போய் வா என்று அர்த்தம். கடைத்தெருவில் யாருக்கு அந்த எண் வந்தாலும் கூப்பிடுவது இவளைத்தான். அதனால் பெயரே நானூற்று மூன்று அக்கா என்று ஒட்டிக்கொண்டது. அவளும் அதைக் கண்டுகொள்வதில்லை.

அன்று காலை பத்தரைக்குச் செருப்புக் கடையிலிருந்து அழைப்பு. பெரிய பாதங்களுக்கென்றே செருப்பு தைக்கும் கடை. அண்ணன் தைப்பான், தங்கை இணையத்தில் விற்பாள். கிடங்கில் ஒரு ஜோடி குறைந்தால் இணையச் சந்தையிலும் ஒன்று குறைய வேண்டும். அந்தக் கணக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் மென்பொருள் ஒரு மாதமாக 403 காட்டி மக்கர் செய்தது. இல்லாத செருப்பை இரண்டு முறை விற்றுவிட்டார்கள். மூன்றாம் முறை நடந்தால் கடையை மூடிவிடுவோம் என்று சந்தைக்காரர்கள் எழுதிவிட்டார்கள். இன்று பன்னிரண்டு மணிக்குத் தள்ளுபடி விற்பனை. பெயர் கொடுத்தாகிவிட்டது, இனி விலக முடியாது.

"ரெண்டு தடவையும் அண்ணன் என்னைத்தான் அக்கா திட்டினாங்க. நான் ஒண்ணுமே தொடல," என்றாள் தங்கை. சரியாகத் தூங்காத கண்கள்.

அக்கா இணையச் சந்தையில் அந்த மென்பொருளுக்கான அனுமதிப் பட்டியலைத் திறந்து 'இருப்பை மாற்ற' என்பதில் டிக் போட்டாள். மென்பொருள் சந்தைக்குள் நுழையக் காட்டும் ரகசிய எழுத்துத் தொடருக்குச் சாவி என்று பெயர். பழைய சாவி பழைய அனுமதியோடுதான் இருக்கும் என்பதால், தங்கையையே புதுச் சாவி எடுக்கச் சொல்லி மென்பொருளில் ஒட்டினாள். 403. அழித்துவிட்டு இன்னொன்று. மறுபடியும் 403. மணி பதினொன்றே கால் ஆயிற்று.

சாவி யார் கணக்கில் இருக்கிறது என்றுதான் எந்தக் கடையிலும் முதலில் கேட்பாள். இன்று அவசரத்தில் அதைக் கோட்டை விட்டிருந்தாள். தன்னையே திட்டிக்கொண்டு, யாருக்கு என்ன அனுமதி என்று காட்டும் ஆட்கள் பக்கத்தைத் திறந்தாள். தங்கையின் பெயருக்கு எதிரே: இருப்பு, பார்க்க மட்டும். எடுத்தவருக்கே இல்லாத அனுமதி சாவிக்கு எங்கிருந்து வரும்? மாற்றியது உரிமையாளர், போன மாதம்.

உரிமையாளரான அண்ணன் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தான். தங்கை பெட்டி அடுக்கத் திரும்பிய நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"என்னைக் கேக்காம ஒரு மாடலை விற்பனையில இருந்து எடுத்துட்டா. கோவத்துல பண்ணிட்டேன். இதனாலதான்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. என் கணக்குல இருந்து சாவி எடுத்துடுங்க. அவகிட்ட சாஃப்ட்வேர் கோளாறுன்னு சொல்லிடுங்க."

இரண்டு நிமிட வேலை. கடை பிழைத்துவிடும், கூலியும் வந்துவிடும். ஆனால் அக்கா இதற்கு முன் பதினோரு வருடம் ஒரு நிறுவனத்தில் போன் எடுத்தவள். யார் தப்பு செய்தாலும் 'சிஸ்டம் கோளாறு' என்று ஆயிரம் பேரிடம் சொல்லிச் சொல்லி, ஒருநாள் தன் குரலே தனக்கு அருவருத்து வேலையை விட்டவள். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"சாவி எடுத்துத் தரேன். பொய் சொல்ல மாட்டேன்," என்றாள், கடை முழுக்கக் கேட்க. "சாஃப்ட்வேர்ல ஒண்ணும் இல்லம்மா. உன் அனுமதியை உங்க அண்ணன் எடுத்திருக்கார்."

தங்கையின் கையிலிருந்த பெட்டி அப்படியே நின்றது. அண்ணன் தரையைப் பார்த்தான். அவள் அழுவாள் என்று அக்கா நினைத்தாள். அவள் அழவில்லை.

"அண்ணன் கணக்குலயே எடுங்க அக்கா. கடை மூடக் கூடாது."

எடுத்தாள். அண்ணனே கடவுச்சொல்லைத் தட்டினான். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. மணி பதினொன்று ஐம்பது. அப்போது உள்ளிருந்து, அண்ணனிடம் கூலிக்குத் தைக்கும் தையல்காரர் கத்தினார்: "நாற்பத்தஞ்சாம் நம்பர்ல ரெண்டு ஜோடி தையல் விட்டிருக்கு! கழிச்சுடுங்க!"

தங்கை விசைப்பலகையை அண்ணன் பக்கம் தள்ளினாள். "நீயே கழிண்ணே. எனக்குப் பார்க்கத்தானே அனுமதி? பார்க்கறேன்."

அவன் திருதிருவென்று விழித்தான். தைக்கத் தெரியுமே தவிர, எங்கே அழுத்துவது என்று தெரியாது. மணி பதினொன்று ஐம்பத்து நான்கு. அக்காவைப் பார்த்தான், அக்கா தன் பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு. அவன் ஆட்கள் பக்கத்தைத் திறந்து, தங்கையின் பெயரைத் தேடி, ஒவ்வொரு கட்டத்திலும் டிக் போட்டான். போட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டான்.

தங்கை உட்கார்ந்து நாற்பத்தைந்தாம் நம்பரின் இருப்பில் ஐந்தை மூன்றாக்கினாள். பன்னிரண்டு அடித்தது. நான்கே நிமிடத்தில் அந்த மூன்றும் போய்விட்டன. அடுத்து வந்தவருக்கு 'இருப்பு இல்லை' என்று காட்டியது.

"அந்த ரெண்டு தடவையும் உன்னைத் திட்டினது..." என்று ஆரம்பித்தான் அண்ணன்.

"அதைச் சாயங்காலம் அம்மா முன்னாடி சொல்லு. அவங்க முன்னாடிதானே திட்டினே?" அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்ப நாற்பத்தாறுல ஒரு கறுப்புப் பெட்டி எடு."

அவன் பெட்டி எடுக்கப் போனான்.