நின்ற முள்ளை நம்பினேன்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுதக் கூச்சம்தான். மகள் சொன்னதால் எழுதுகிறேன்.

செமோர் என்ற ஊரில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் பென்ஷனோடு ஓய்வு பெற்றபோது ஒரு விமானி தம் பழைய கைக்கடிகாரத்தை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்.

தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தபோது பார்த்தேன், அதன் நீள முள் அசையவே இல்லை. நின்ற கடிகாரம் வீட்டில் இருக்கக் கூடாது என்பார்கள். அவருக்குத்தான் தூக்கிப்போட மனசு வரவில்லை என்று நினைத்து, பழைய பேப்பர், பழைய சாமான் வாங்கும் லோரி வந்ததும் உடைந்த ரேடியோவோடு அதையும் கொடுத்துவிட்டேன்.

முடிவெட்டப் போயிருந்த அவர் திரும்பியதும் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது.

"அது ஓடுது புள்ள. அந்த நீள முள்ளு நேரம் அளக்கத்தான், பக்கத்துல உள்ள பொத்தான அமுக்குனாத்தான் சுத்தும். சின்ன வட்டத்துல ஓடுற நொடி முள்ள பாக்கலியா?"

லோரியின் ஒலிபெருக்கிச் சத்தம் அடுத்த தாமானில், பக்கத்துக் குடியிருப்பில், கேட்டது. மோட்டார் சைக்கிளில் விரட்டிப் பிடித்தோம். ரேடியோவுக்கு அடியில் கிடந்தது. கண்ணாடியில் ஒரு கீறல். அவர் பொத்தானை அமுக்கினார். நீள முள் ஜோராகச் சுற்றியது. எனக்குக் கண்ணில் தண்ணீர்.

"அசையாம இருந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தமா புள்ள? நல்லவேள, நான் சாப்புட்டுட்டு சாஞ்சிருந்தப்ப லோரி வரல," என்றார். லோரிக்காரரும் சிரித்துவிட்டார்.

இப்போதெல்லாம் எதையும் காதில் வைத்துக் கேட்காமல் கொடுப்பதில்லை. காலையில் முட்டை அவியும் நேரம் பார்க்க அந்தப் பொத்தானை நான்தான் அமுக்குகிறேன்.