தலையணை மேல் லாவெண்டர்

பாரிஸ், அக்டோபர் 1986. லா ஷப்பல் மெட்ரோ பாலத்துக்கு எதிரே ஒரு சின்ன ஓட்டல். நான் நாள் வாடகை தருகிற பயணி என்று தெரிந்ததும், "ஒரு மணி நேரம் பொறுங்கள், அறையை ஒழித்துத் தருகிறேன்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்கிறாள் ஓட்டல்கார அம்மாள். எதிர்க் கடையில் காப்பி குடித்தபடி காத்திருக்கிறேன்.

அறை அழகாகவே இருக்கிறது. பூப்போட்ட சுவர்த்தாள், இரண்டு கட்டில்கள், தலையணை மேல் சின்னத் துணிப்பையில் காய்ந்த லாவெண்டர் பூ. அதையும் மீறி வெங்காயம் வதக்கிய வாசனை அடிக்கிறது.

கதவு தட்டப்படுகிறது. முப்பது வயது மதிக்கத்தக்க யாழ்ப்பாணத்துக்காரர்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. கட்டிலுக்குக் கீழை எங்கடை சட்டி கிடக்கு. சமைக்கிறது தெரிஞ்சா ஓட்டல் மனுசி கத்தும்."

"இது உங்க அறையா?"

"ஓம், மாச வாடகை. வெள்ளைக்காரர் வந்தா நாங்கள் ஸ்டேசனிலை படுக்கிறது. இண்டைக்குத் தமிழருக்காகப் படுக்கிறம்." சிரிக்கிறார்.

"இன்னொரு கட்டில் சும்மாதானே இருக்கு. இங்கேயே படுங்க."

"மனுசி கண்டா நாளைக்கும் அறை இல்லை. தம்பியும் கீழை நிக்கிறான். எத்தினை நாள் நிப்பியள்?"

"ஒரு ராத்திரிதான்."

சட்டியைச் சுவெட்டருக்குள் மறைத்துக்கொண்டு படியோரம் போய்க் குரல் கொடுக்கிறார். "ஒரு இரவுதானாமடா."

காலையில் சாவியைக் கொடுக்க இறங்குகிறேன். அண்ணனும் தம்பியும் பெட்டியோடு வாசலில் நிற்கிறார்கள். அவர்களை அங்கேயே நிறுத்திவிட்டு அம்மாள் மாடியேறுகிறாள். திரும்பி வரும்போது கையில் லாவெண்டர் பை. அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டிய பிறகே அவர்களிடம் சாவியை நீட்டுகிறாள்.