வரிசையில் கடைசிப் பிள்ளை

லண்டனில் என் மகன் வீட்டுக்கு அடுத்த வீட்டு ஜன்னலில், டிசம்பர் மாதம் எட்டு நாள் மெழுகுவர்த்தி எரியும். முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று கூடிக்கொண்டே போகும். ஹனுக்கா என்னும் யூதப் பண்டிகை. சிவகாசியில் முப்பது வருடம் பட்டாசுக் கம்பெனி மேனேஜராக இருந்தவன் நான். ஒரு வெடிச்சத்தம்கூட இல்லாமல் பண்டிகை நடப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. அந்த வீட்டு டேவிட் என் வயதுக்காரர். போன வருடம் என்னையும் அழைத்தார். விளக்கேற்றியதும் பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கிறார்கள். அதற்குக் ‘கெல்ட்’ என்று பெயர். நிஜக் காசும் உண்டு, தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசும் உண்டு. மரியாதைக்காகக் காசுத் தட்டை என்னிடம் தந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். கடைசியாக நின்ற சிறுமிக்கு அந்த வீட்டுச் சாயல் இல்லை. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டேன். எதிர்வீடு, யூதர்கள் இல்லை என்றார். காசு பற்றாது என்று நான் தயங்குவதாக நினைத்துவிட்டார் போல. உள்ளே இன்னும் இருக்கிறது, கொடுங்கள் என்றார். கொடுத்தேன். உங்கள் ஊரிலும் இப்படி உண்டா என்று கேட்டார். தீபாவளிக்கு உண்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்போம் என்றேன்.

நான் சொன்னது பொய். என் மகள் செல்வி ஒரு கிறிஸ்தவ ஆசிரியரை மணந்துகொண்டு போனவள். ஆறு வருடம் கழித்து, ஒரு தீபாவளி காலையில் விருதுநகர் வீட்டுக்கு வந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக என் காலில் விழுந்து புதுக்காசு வாங்கினார்கள். அவர்களைப் பார்த்து, அவளுடைய ஐந்து வயது மகளும் கடைசியில் வந்து விழுந்தாள். எழுந்து கையை விரித்தாள். “இது நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு” என்று சொல்லித் தட்டோடு உள்ளே போனேன். செல்வி மகளின் விரல்களை மடக்கி, அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

டேவிட் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலை செல்வியை வீடியோவில் அழைத்தேன். அவள் மகள் இப்போது மதுரையில் நர்ஸ். அடுத்த தீபாவளிக்கு வருகிறேன், அவள் கையில் காசு கொடுக்க வேண்டும், அன்றைக்கு நான் செய்தது தப்பு என்றேன்.

“அவளுக்குக் கைய நீட்டுற வயசெல்லாம் போயிருச்சுப்பா” என்றாள். பிறகு, “வாங்க. சாப்பிட்டீகளா?” என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன். திரை முழுக்க அவள் வீட்டு முற்றத்து வெயில். அதன் மூலையில், ஒரு சின்னக் கட்டத்துக்குள், கழுத்துவரை கம்பளி சுற்றிய என் முகம்.