வர்ணம் பூசாத கார்

குற்றாலத்தில் சாரல் காலத்துக்கு ஒரு ஜமீன்தார் வந்து தங்கும் பங்களாவில், கல்யாணமான புதிதில் நான் பெருக்கித் துடைக்கப் போனேன். அவருடைய பந்தயக் காருக்கு வர்ணமே கிடையாது, உடம்பெல்லாம் வெறும் அலுமினியம். அதன் டிரைவர் ஒல்லியாக, நெட்டையாக இருப்பார். காரைத் தொடுமுன் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். துணியை முன்னிருந்து பின்னுக்கு நேராகத்தான் இழுப்பார்.

பித்தளை தேய்ப்பதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருநாள் அவர் காப்பி குடிக்கப் போனபோது, மட்கார்டில் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டேன். கழுவிப் பார்த்தால் கறுத்து, வட்டம் வட்டமாகக் கீறல். ஜமீன்தார் அருவியில் குளித்துவிட்டு வரும் நேரம். பார்த்தால் டிரைவருக்கு வேலை போய்விடும்.

"ஏட்டி, இது என்ன உங்க வீட்டு அண்டாவா?" என்றார் காப்பி குடித்துவிட்டு வந்த டிரைவர்.

"எங்க அண்டாவுல மூஞ்சி பாத்துப் பொட்டு வைக்கலாம் அண்ணாச்சி," என்றேன் அழுகையை அடக்கிக்கொண்டு.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீமைச்சுண்ணாம்பைப் பொடித்து, துணியில் சலித்து, மண்ணெண்ணெயில் குழைத்தார். "வா, நேரா இழு. வட்டம் போட்டே, கைய ஒடிச்சிருவேன்."

இருவரும் மூச்சுவிடாமல் தேய்த்தோம். கறுப்பும் கீறலும் போய்விட்டன. ஜமீன்தார் வந்ததும் மட்கார்டைத்தான் பார்த்தார்.

"இங்கன மட்டும் ஏன்வே இப்படி மின்னுது?"

"இந்தப் புள்ள கைவச்ச இடம் அய்யா," என்றார் டிரைவர்.

"அப்போ வண்டி முழுக்க அவளையும் சேத்துக்கிட்டுத் தேயும்."

'கைவச்ச இடம்' என்று டிரைவர் சொன்னது புகழ்ச்சியா கிண்டலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. புகழ்ச்சி என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.