மேலது, பக்கம் 112

அந்த ஆஸ்பத்திரியின் பதிவு மேஜைக்கு யார் வந்தாலும் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்வது முன்னெழுத்துக்காகத்தான். "பேர் மட்டும் போதாதா?" என்று யாராவது கேட்டுவிட்டால் போச்சு. "இதே பேர்ல உள்ள நாலு பேர் படுத்திருக்காங்க. உங்க ரத்தத்தை அவங்க சீட்டுல எழுதிடட்டுமா?" என்பாள் பதிவுக்காரி. கேட்டவர் மறுபேச்சில்லாமல் அப்பா பெயர், தெரு, கதவு எண் என்று ஒப்பிப்பார். சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியிருந்தாள். வாங்கினால் வாங்கட்டும். ஒருத்தருடையது இன்னொருத்தர் பெயரில் ஏறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

பிள்ளைகள் தலையெடுத்த பிறகு மாலைக் கல்லூரியில் முதுகலைக்குச் சேர்ந்தாள். "வினாத்தாள்ல தப்பு இருந்தா அதோட சண்டை போட்டுட்டு வந்துடாதே" என்று வேன் ஓட்டும் புருஷன் கிண்டல் செய்தார். செய்துகொண்டே தினமும் கல்லூரி வாசலில் கொண்டுபோய் இறக்கியும் விட்டார். பட்டம் கையில் வந்தால் ஆவணப் பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போடுவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வேலை ஒரு பக்கம் இருக்கட்டும், தன் பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்து வர வேண்டும் என்பதில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

கடைசி ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும். நோயாளிகளின் பேச்சை எடுத்துக்கொண்டாள். கல்லூரி நூலகத்தின் கீழ்த்தட்டில், ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர் ஒருவர் எழுதிய புத்தகம் கிடைத்தது. அட்டை கிழிந்து, யாரும் தொடாமல் கிடந்தது. புரட்டியவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் நோயாளி 'பரவாயில்லை' என்பார். அதை நம்பி வலி குறைந்ததாக எழுதிவிடக் கூடாது. எதிரே டாக்டர் நின்றால் அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம், மகன் நின்றால் வேறு அர்த்தம், தனியாக இருந்தால் இன்னொன்று என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார் அந்தச் செவிலியர். இருபத்தைந்து வருஷம் படுக்கையோரம் நின்று கேட்டு எழுதியது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் தொடங்கி நூற்றைம்பது வரைக்கும் அதுதான். பதிவுக்காரியின் மூன்றாம் இயல் முழுக்க அந்தப் பக்கங்களின் மேல்தான் நின்றது.

அடிக்குறிப்பு போடுவதில் அவளை யாரும் அசைக்க முடியாது. முதல் முறை வரும்போது ஆசிரியர் பெயர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்கம் எல்லாம் வர வேண்டும். அடுத்த குறிப்பும் அதே நூலென்றால் அத்தனையையும் திரும்ப எழுத வேண்டாம். 'மேலது' என்று போட்டுப் பக்க எண்ணைக் கொடுத்தால் போதும். மேலே சொன்ன அதே நூல் என்று அர்த்தம். மூன்றாம் இயலில் செவிலியர் பெயர் ஒரே ஒரு முறை முழுசாக வந்தது. அதற்குக் கீழே வரிசையாக மேலது, மேலது, மேலது.

அவளுடைய நெறியாளர் சிரித்த முகம். "பைலை எங்கிட்ட குடுங்கம்மா, ஒரு தடவை பாத்துட்டு நானே பைண்டிங்குக்கு அனுப்பிடறேன். வேலைக்கும் போயிட்டு நீங்க எங்க அலைவீங்க?" என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று வீட்டில் போய்ச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பைண்டு செய்த பிரதி கைக்கு வந்ததும் மூன்றாம் இயலைத்தான் முதலில் திறந்தாள்.

செவிலியரின் குறிப்புக்கு அடுத்து ஒரு புதுக் குறிப்பு முளைத்திருந்தது. நெறியாளரின் பெயர், அவருடைய புத்தகம், பக்கம் 9. பேச்சைப் பற்றிப் பொதுவாக ஏதோ ஒரு வரி, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது. அது நடுவில் வந்து உட்கார்ந்ததும், கீழே இருந்த 'மேலது' அத்தனையும் அவருடையதாகிவிட்டன. அந்தம்மா இருபத்தைந்து வருஷம் காது கொடுத்துக் கேட்டதெல்லாம் ஒரே வரியில் இந்த ஆள் கணக்கில் ஏறிவிட்டது!

மறுநாளே அவர் அறைக்குப் போனாள். "சார், நடுவுல உங்க புத்தகம் வந்திருக்கு. இப்ப கீழ இருக்கிற மேலது எல்லாம் உங்களைக் காட்டுது."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மேலதுதானே? அதை எல்லாம் யாரும்மா படிக்கிறாங்க? நெறியாளர் நூலைக் காட்டலைன்னா ஆய்வேடு மொட்டையா இருக்கும்."

"அந்த நர்ஸம்மா எழுதினது சார் அது."

"அவங்க என்ன வந்து கேக்கவா போறாங்க? பிரதி தேர்வாளருக்குப் போயாச்சு. இப்ப கைவெச்சா தேதி போகும், கூடவே உங்க பட்டமும் போகும். பேசாம இருங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கு வேனில் ஏறியதும் ஆரம்பித்தவள் வீடு வரும்வரை நிறுத்தவில்லை. "அந்தாளுக்கு வெக்கமே இல்லையா? எழுதினவங்க பேரை அழிக்கக்கூட இல்லீங்க. பேரை மேல விட்டுட்டு உழைப்பை மட்டும் உருவிட்டாரு!" புருஷன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "இவ்வளவு நாள் கஷ்டப்பட்டிருக்கே. வாங்கவேண்டியதை வாங்கிக்கோ, அப்புறம் சண்டை போடலாம்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதனாலேயே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

வாய்மொழித் தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஓர் அம்மா. நெறியாளர் பக்கத்து நாற்காலியில் சிரித்தபடி இருந்தார். தேர்வாளர் மூன்றாம் இயலைப் பிரித்தார்.

"இந்தப் 'பரவாயில்லை' பகுதி ரொம்ப நல்லா இருக்கு. மூலத்தைப் படிக்கலாம்னு உங்க நெறியாளர் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். 'மேலது, பக்கம் நூத்திப் பதினெட்டு'ன்னு போட்டிருக்கீங்க. அந்தப் புத்தகமே தொண்ணூத்தி ஆறு பக்கம்தாம்மா!"

பதிவுக்காரி வாயைத் திறப்பதற்குள் நெறியாளர் முந்திக்கொண்டார். "வீடு, வேலை, பிள்ளைங்கன்னு அவங்களுக்கு ஆயிரம் தொந்தரவு மேடம். கவனக்குறைவு. நான் அப்பவே சொன்னேன், கேட்டாத்தானே!"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கவனக்குறைவா? யாருக்கு? ஒரு முன்னெழுத்துக்காக ஊரெல்லாம் பகைத்துக்கொண்டவளுக்கா?

தேர்வாளர் நல்ல மனதோடு ஒரு தாளை எடுத்து எழுதினார். "சின்ன விஷயம். 'என் கவனக்குறைவால் அடிக்குறிப்புகள் பிழையாகிவிட்டன, திருத்தித் தருகிறேன்'னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்க. இன்னைக்கே தேர்ச்சி போட்டுடறேன்."

நெறியாளர் தன் பேனாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை எடுத்தாள். 'என் கவனக்குறைவால்' என்பதை அடித்தாள். அதன் மேல், நெறியாளர் தம் நூலைத் தாமே நடுவில் நுழைத்ததால் என்று எழுதினாள். கீழே அந்தச் செவிலியரின் பெயரை முன்னெழுத்தோடு முழுசாக எழுதி, நூல், பதிப்பகம், ஆண்டு, பக்கம் எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டாள்.

"என்னம்மா இது, பைத்தியமா உங்களுக்கு?" என்று எழுந்தே விட்டார் நெறியாளர்.

தேர்வாளர் தாளைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "இதை நான் வாங்கிக்கிட்டா விசாரணை வைக்கணும்மா. அது முடியற வரைக்கும் பட்டத்தை நிறுத்தி வைப்பாங்க. எவ்வளவு காலம் ஆகும்னு எனக்கே தெரியாது. யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"வாங்கிக்கோங்க மேடம்" என்றாள் பதிவுக்காரி. "அந்தம்மா இருக்காங்களோ போயிட்டாங்களோ எனக்குத் தெரியாது. ஆனா அவங்க எழுதினது இவர் பேர்ல இருக்கிற வரைக்கும், என் பேருக்குப் பின்னாடி எதுவும் வர வேண்டாம்."