பூட்டினால் ஒன்று, கழற்றினால் மூன்று

துவக்குக் கடையில் இருப்புப் புத்தகம் எழுதுகிறவனுக்குச் சுடத் தெரிய வேண்டியதில்லை. ஒன்று குறைந்தால் வேலை போகும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

நான் சொல்ல வந்த வியாழக்கிழமை கடையில் இருந்தவர்கள் ஆறு பேர். முன்மேசையில் முதலாளி. பின்னறையில் துவக்குத் திருத்தும் டெரிக். வருடச் சோதனைக்கு வந்த பொலிஸ் அலுவலர். வாடிக்கையாளர் மிஸ்டர் நாதன். கதவருகே கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி. புத்தகத்தோடு நான். புத்தகத்தில் இருந்தது இருநூற்றுப் பதினான்கு உருப்படி. எண்ணியதில் வந்தது இருநூற்றுப் பன்னிரண்டு. நீங்களும் எங்காவது ஸ்டோர் பார்த்தவராக இருந்தால், இரண்டு குறைந்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த இரண்டும் எங்கே போயின என்பதற்கு முன்னால் வேறு சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

அரிசி விலை

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து லண்டனுக்கு வந்தேன். வந்த இடத்தில் கிடைத்த வேலை துவக்குக் கடையில். கிளப்புகளில் குறி பார்த்துச் சுடுகிறவர்களுக்குப் பிஸ்டல் விற்கிற கடை அது. வேலை கேட்டுப் போன அன்று முதலாளி ஒரு பெட்டி திருகாணியை என் முன்னால் தள்ளி, முந்நூறு இருக்கிறதா பார் என்றார். இருநூற்றுத் தொண்ணூற்றேழு என்றேன். அவர் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார்.

இல்ஃபோர்ட்டில் எங்கள் ஆட்களிடம் துவக்கு என்ற சொல்லை அந்த நாட்களில் வாயில் எடுக்க முடியாது. "சாமான் எண்ணுற வேலை" என்று மட்டும் சொல்லி வைத்தேன். நான் பேச்சுக் குறைந்தவன் என்பதால் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு நாள் கோயிலில் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் குரலைத் தணித்துக் கேட்டார்: "அண்ணை, மறைக்காமல் சொல்லுங்கோ, உங்கட கடையில புழுங்கலரிசி மலிவோ?"

மூன்று கடிதம்

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. முழுப் பிஸ்டலாக வாங்கவா, உதிரியாக வாங்கிப் பூட்டவா? பாகங்களைச் சேர்த்து இணைப்பதை எங்கள் ஊரில் பூட்டுவது என்போம். சைக்கிள் பூட்டுவோம், தண்ணீர் மோட்டர் பூட்டுவோம். என் பதிலும் ஒன்றுதான்: முழுதாக வாங்குங்கள். சட்டத்துக்குக் குழல் தனி உருப்படி, மேலே ஓடுகிற மூடி தனி உருப்படி, பிடியோடு சேர்ந்த உடல் தனி உருப்படி. பூட்டினால் ஒன்று, கழற்றினால் மூன்று. ஒவ்வொன்றுக்கும் பொலிசில் தனி அனுமதி, தனிக் காத்திருப்பு, என் புத்தகத்தில் தனி வரி.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரர் என் பேச்சைக் கேட்கவில்லை. முழுதாகக் கொண்டு போனால் மனைவி கண்டுகொள்வாளாம். துண்டு துண்டாகக் கொண்டு போனால் தையல் மெஷின் சாமான் என்று நினைத்துக்கொள்வாளாம். ஒவ்வொரு துண்டுக்கும் பொலிசிலிருந்து வீட்டுக்கு ஒரு கடிதம் போகும் என்பதை அவர் யோசிக்கவில்லை. வீட்டில் கடிதம் பிரிப்பது மனைவி. மூன்றாவது துண்டை வாங்க வந்தபோது மெலிந்து போயிருந்தார். "முழுதாக வாங்கியிருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும்" என்றார்.

கை அரிக்கிறது

மிஸ்டர் நாதன் மலேசியத் தமிழர். படிக்க வந்து இங்கேயே தங்கி, ஹவுன்ஸ்லோவில் வீடு வாங்கி, விமான நிலையத்தில் எஞ்சினியராக இருந்தவர். முதல் நாள் நான் ஒன்றை எடுத்துக் காட்டி "இது நல்ல துவக்கு" என்றேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு "எதைத் துவக்கணும் அண்ணே?" என்றார். அவர்கள் பக்கத்தில் துப்பாக்கி என்றுதான் சொல்வார்கள். அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முழுதாக வாங்கும்படி அவருக்கும் சொன்னேன். தன் கையால் சேர்த்தால்தான் தன்னுடையது என்றார். உடல் ஓரிடத்திலிருந்து வந்தது, மூடி வேறிடத்திலிருந்து. குழலுக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அவருடைய வீட்டு இரும்புப் பெட்டியை இன்னும் பொலிஸ் வந்து பார்க்காததால் எல்லாம் எங்கள் பெட்டகத்தில் இருந்தன. மாதம் ஒருமுறை மனைவியோடு வந்து, ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, துணியால் துடைத்து, திரும்ப வைத்துவிட்டுப் போவார். ஒரு தடவை அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "புள்ளைக்குத் தொட்டில் கூட இவரு கடையிலதான் வாங்கினாரு. இதுக்கு மட்டும் கை அரிக்குதாம்."

பூட்டி வைங்க

குழல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. உடனே ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம் அண்ணே. பூட்டி வைங்க, வியாழக்கிழமை லீவு போட்டுட்டு வர்றேன்" என்றார். காத்திருந்து களைத்து, கடைசியில் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்றையும் டெரிக்கிடம் கொடுத்தேன். நாற்பது நிமிடத்தில் பூட்டித் தந்தான். அவனுடைய கையெழுத்து வாங்கிய பிறகு வரியைத் திருத்தலாம் என்று விட்டேன். நான் விட்ட பிழை அது.

வியாழக்கிழமை அலுவலர் எண்ணினார். இரண்டு குறைந்தது. திரும்ப எண்ணச் சொன்னேன். திரும்பவும் இரண்டு குறைந்தது. மூன்றாவது முறைதான் எனக்கு விளங்கியது: மூன்று ஒன்றாகியிருக்கிறது. நாதனுடைய பெட்டியைத் திறந்து காட்டினேன். அலுவலருக்கு முன்னால் நாதன் எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "பெட்டியில வச்சுப் பூட்டத்தானே அண்ணே சொன்னேன். பதினாலு மாசம் காத்திருந்தேன். மாப்பிள்ளை வர்றதுக்குள்ள தாலியைக் கட்டிட்டீங்களே" என்றார்.

நாங்கள் என்ன பேசுகிறோம் என்று அலுவலர் கேட்டார். நாதனுடைய அனுமதித் தாளைக் காட்டி, இதில் மூன்று உதிரி இருக்கிறது, முழுப் பிஸ்டல் இல்லை என்று சொன்னார். பூட்டச் சொன்னது யார் என்றார். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாதன் "நான் சொல்லவில்லை" என்று சொன்னால் பிழை முழுவதும் என்னுடையது. வேலை போவது ஒரு பக்கம். எனக்கு அப்போது நிரந்தர வீசா வந்திருக்கவில்லை. துவக்குக் கடையில் பொய் வரி எழுதிய தமிழன் என்று ஒரு பேப்பர் வீசாப் பைலுக்குள் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவருகிலிருந்து அவர் மனைவி சொன்னார்: "கோவத்தை வீட்டுல வச்சுக்குங்க. அந்த வார்த்தையைச் சொன்னது நீங்கதானே?"

நாதன் பெருமூச்சு விட்டார். அந்தச் சொல்லைத் தானே சொன்னதாகவும், அதற்கு அவருடைய ஊரில் ஒன்றும் என்னுடைய ஊரில் இரண்டுமாகப் பொருள் என்றும் ஆங்கிலத்தில் விளக்கினார். அலுவலர் என்னிடம் திரும்பி, பாகங்களைச் சேர்ப்பதற்கும் பெட்டியைத் திறப்பு, அதாவது சாவி, போட்டு மூடுவதற்கும் உங்களுக்கு ஒரே சொல்லா என்று கேட்டார். ஓம் என்றேன். இனிமேல் வாயால் கேட்காமல் எழுதி வாங்கு என்றார். எழுதினாலும் அதே எழுத்துத்தான் என்றேன்.  அவர் பேனையை மூடினார். "கழற்றுங்கள். மூன்றாக எண்ணிவிட்டு நான் வீட்டுக்குப் போகிறேன்."

டெரிக்கின் கவலை

கழற்றினோம். இருநூற்றுப் பதினான்கு வந்தது. நான் கழிப்பறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். நாதன் முழுப் பிஸ்டலுக்கு முறைப்படி அனுமதி எடுத்தார். அதற்கு இன்னும் சில மாதம். பிறகு நான்கு சனிக்கிழமை எங்கள் பின்னறையில் உட்கார்ந்து தன் கையாலேயே பூட்டினார். கிளப்பில் கொண்டுபோய்ச் சுட்டால் குண்டு எப்போதும் இடப்பக்கம் ஒதுங்கிப் போனது. மூடியை அராவினார், குழலைக் கழற்றித் திரும்பப் பூட்டிப் பார்த்தார். ஒதுங்கியே போனது.

ஒரு நாள் டெரிக் தேநீர் ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னான்: "நான் பூட்டியதைச் சுட்டுப் பார்க்க விடாமல் அந்த அலுவலர் கழற்ற வைத்தது நல்லது. நேராகப் போயிருந்தால் அந்த மனிதர் தாங்கியிருக்க மாட்டார்."

கொஞ்ச நேரம்

தொண்ணூறுகளின் பின்பாதியில் சட்டம் வந்தது. பிஸ்டல் யாரும் வைத்திருக்கக் கூடாது, எல்லோரும் ஒப்படைக்க வேண்டும். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். துவக்குக்குப் பயந்து ஊரை விட்டவன் வேறு என்ன சொல்வது? ஆனாலும் அடுத்த வேலை கிடைக்காத வயதில் இருந்தேன். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்து கொடுத்தார்கள். பொலிசார் பின்னறையில் மேசை போட்டு உட்கார்ந்து எடுத்தார்கள். நான் புத்தகத்தில் வரி வரியாக வெட்டினேன்.

நாதனும் வந்தார், இந்த முறை தனியாக. பிஸ்டலைக் கழற்றி மூன்று துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். முழுதாகக் கொடுத்தால் ஒரு கையெழுத்தோடு போகலாமே என்றேன். அவர் முதல் துணியை அவிழ்த்துக்கொண்டே, "மூணு கையெழுத்துன்னா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருக்கலாம் அண்ணே" என்றார்.

ஒன்று குறைந்தால் வேலை போகும் என்று வருடக்கணக்காகப் பயந்து எண்ணியவனுக்கு, ஒன்றும் குறையாமல் எண்ணி ஒப்படைத்த அன்று வேலை போனது. சத்தம் போடுவதெல்லாம் போன பிறகு கடையில் மீதி நின்றவை சுடுகிறவர்கள் சத்தத்துக்குப் போடும் காதுமூடிகள், பதினொரு சோடி.